கந்தோல்போவின் கட்டிலும் ஒரு பன்றித்தொடையும்

எங்கள் மொந்தசோர்தோவின் கோட்டையைக் கட்டியது யார் என்பது, அன்றைக்கு அதைப் பார்க்க வந்திருப்பவர்கள் யார் என்பதைப் பொறுத்த விஷயம். ஜெர்மன்காரர்கள் வந்தால் ஒரு ஜெர்மன் ராஜா கட்டினான். பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் நார்மன்கள் கட்டினார்கள். ஸ்பெயினிலிருந்து வந்தவர்களுக்கு ஸ்பெயின் பிரபு ஒருவன் தயாராக இருந்தான். ஒருமுறை ஜப்பானிலிருந்து நாலு பேர் வந்து இறங்கிவிட, வந்தவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிற லிபோரியோவே கொஞ்சம் ஆடிப்போனான். பிறகு மிச்சமிருக்கும் ஒன்றரைச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "கட்டினவன் கடல் தாண்டி வந்தவன், அது மட்டும் நிச்சயம்" என்று சொல்லிச் சமாளித்தான். அந்த நாலு பேரும் சுவரைப் பார்த்து இடுப்பு வளைய வணங்கிவிட்டுப் போனார்கள்.

அறுபத்தெட்டு வயது ஆளைப் போய் அவன் இவன் என்கிறேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். சிசிலி மலையில் இருக்கிற இத்தனூண்டு ஊரில், ஒன்றாக மூக்கு ஒழுகத் திரிந்தவர்கள் ஒருவரையொருவர் வேறெப்படிச் சொல்வதாம்? எங்களோடு வளர்ந்த பிலிப்பாவையும் நான் அவள் என்றுதான் சொல்லப்போகிறேன். அவள் கேட்டால் முறைப்பாள். முறைக்கட்டும்.

லிபோரியோவின் தாத்தா மலையுச்சியில் பனிக்குழி வைத்திருந்தவர். குளிர்காலத்தில் விழும் பனியைக் குழியில் கொட்டி மிதித்து, வைக்கோல் போட்டு மூடிவைத்து, கோடையில் வெட்டியெடுத்துக் கழுதைமேல் ஏற்றிக் கடற்கரை ஊர்களில் விற்பார். லிபோரியோ சொல்கிற சரித்திரத்தில் முழு உண்மை இது ஒன்றுதான். வருகிறவர்கள் இதை மட்டும் நம்புவதில்லை.

இருபத்திரண்டு வயதில் ஜெர்மனிக்குப் போனான். கார் தொழிற்சாலையில் கார்க் கதவுக்குக் கைப்பிடி மாட்டுகிற வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் கைப்பிடி மாட்டிவிட்டு, கல்யாணம் காட்சி எதுவுமில்லாமல், இறகு செருகிய ஒரு தொப்பியோடு ஊர் திரும்பினான். கொஞ்ச நாள் சதுக்கத்துக் காபிக்கடையில் உட்கார்ந்து பார்த்தான். அங்கே எப்போதும் ஒரே பேச்சு: யாருக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு, யாருக்கு எந்த முழங்கால் போச்சு. லிபோரியோவுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது. அப்போதுதான் முதுகில் மூட்டையோடு வந்த இரண்டு ஜெர்மன்காரர்கள் கோட்டைக்கு வழி கேட்டார்கள். வழி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கூடவே போனான். போகிற வழியெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொன்னான். உச்சியில் அவர்கள் கைதட்டினார்கள்.

அவ்வளவுதான், ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து, ஈஸ்டர் தொடங்கி ஒலிவப்பழம் பறிக்கும் காலம் வரை, காலையில் இறகுத் தொப்பியும் கைத்தடியுமாகச் சதுக்கத்தில் நிற்பான். நீரூற்றில் தொடங்கி, பிலிப்பா வீட்டுப் பக்கத்துச் சந்தில் ஏறி, மரத்தோப்பு, பனிக்குழி, அப்புறம் கோட்டை. முப்பது வருஷம் கைப்பிடி மாட்டியவன் சொல்வதை ஒருவரும் கேட்டதில்லை. இப்போது கூட்டம் கூட்டமாக நின்று கேட்கிறார்கள். அந்த நடைதான் அவனுக்குச் சோறு, மருந்து எல்லாம்.

நடையிலேயே அவனுக்கு ரொம்பப் பிடித்த இடம் பிலிப்பா வீட்டு வாசல். அங்கே வந்ததும் தொப்பியைக் கழற்றிவிடுவான். குரல் தாழ்ந்துவிடும். "இந்த வீட்டில்தான் கோர்வோ என்ற கொள்ளைக்காரன் ஒளிந்திருந்தான். வீட்டுக்காரியை உயிருக்குயிராய் நேசித்தான். சிப்பாய்கள் வந்தார்கள். அவளுக்கு ஒரு பன்றித்தொடையைக் காட்டினார்கள். அவள் உடனே நிலவறைக் கதவைக் காட்டிவிட்டாள். ஒரே ஒரு தொடைக்கு!" இதைச் சொல்லும்போது நிஜமாகவே அவன் கண் கலங்கும். வந்த பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள்.

இதெல்லாம் ஜெர்மன் மொழியில் நடக்கும். ஜன்னலில் நிற்கும் பிலிப்பாவுக்கு அதில் ஒரு வார்த்தையும் புரியாது. ஏதோ தன் வீட்டுக் கல்வளைவைப் புகழ்கிறான் என்று நினைத்துக்கொண்டு, பாவம், அத்திப்பழத்தைத் தட்டில் போட்டு எல்லோருக்கும் நீட்டுவாள். அவர்களும் ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே வாங்கித் தின்பார்கள்.

எங்களுக்குப் புரியும். ஊரில் பாதிப்பேர் ஜெர்மனியில் வேலை பார்த்தவர்கள்தானே. மொழி மட்டுமல்ல, கதையும் புரியும். எங்கள் ஊரில் பன்றித்தொடையை உப்புப் போட்டுத் தொங்கவிட்டிருந்த கடை ஒன்றே ஒன்று, அது கந்தோல்போவின் கடை. லிபோரியோ ஜெர்மனிக்குப் போன மூன்றாம் வருஷம் பிலிப்பா கழுத்தை நீட்டியது அந்தக் கந்தோல்போவுக்கு. அதற்கு முன்னால் ஒரு கோடை முழுக்க நீரூற்றிலிருந்து பிலிப்பாவின் தண்ணீர்க்குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்தச் சந்தில் ஏறியவன் யார் என்பதையும் ஊர் மறக்கவில்லை. தன் கதை யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தவன் லிபோரியோ ஒருவன்தான்.

இப்படியே போயிருக்கும். ஆனால் நகராட்சிக்கு ஆசை வந்தது. பார்க்க வேண்டிய இடங்களில் எல்லாம் பலகை வைக்கவேண்டும் என்று முடிவுசெய்து, லிபோரியோவைக் கூப்பிட்டுச் சரித்திரம் கேட்டார்கள். அவனைக் கேட்டால் சும்மா இருப்பானா? பிலிப்பா பலேர்மோவில் மகள் வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்த சமயமாய்ப் பார்த்து, அவள் வீட்டுச் சுவரில் பலகையை அடித்தார்கள். தெளிவான இத்தாலிய மொழியில், பெரிய எழுத்தில்: "துரோகியின் வீடு. ஒரு பன்றித்தொடைக்காகக் காதலனைக் காட்டிக்கொடுத்தவள் இங்கே வாழ்ந்தாள்."

பிலிப்பா பெட்டியும் கையுமாக வந்து நின்றபோது, டச்சுக்காரக் கணவன் மனைவி இருவர் பலகைக்கு அருகே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் பிலிப்பாவின் தோளைத் தட்டி, "உங்கள் மேல் தப்பில்லை, அது அந்தக் காலம்" என்று கைஜாடையில் ஆறுதல் வேறு சொன்னாள். பிலிப்பா பலகையைப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். அத்திப்பழத் தட்டு அவளுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும், முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை லிபோரியோ பத்துப் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு சந்துக்கு வந்தால், சந்தின் வாய்க்குக் குறுக்கே ஓர் இரும்புக் கட்டிலின் தலைமாட்டுச் சட்டம். அதைச் சுற்றிச் சங்கிலி. சங்கிலியில் பூட்டு. எங்கள் பக்கம் தோட்டத்துக்கு எல்லாம் பழைய கட்டில்தான் கதவு, அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் இது செத்துப்போன கந்தோல்போ படுத்த கட்டில். பித்தளைக் குமிழ் வைத்த கல்யாணக் கட்டில். லிபோரியோ அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டு நின்றான். வந்தவர்கள் அதுவும் ஏதோ சரித்திரச் சின்னம் என்று நினைத்துப் படம் எடுத்தார்கள்.

"பிலிப்பா, கதவத் திற" என்றான்.

"கதவா? எங்க இருக்கு கதவு?" ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. "அது கட்டிலு. களைப்பா இருந்தா படுத்து எந்திரிச்சுப் போ."

"ஊர்ப் பாதைய அடைக்கிறது தப்பு, சொல்லிட்டேன்."

"வாங்க கைடு ஐயா! ஊர்க்காரிய துரோகின்னு பலகையில எழுதி அடிக்கிறது மட்டும் ரொம்பச் சரியோ?"

"அது சரித்திரம்."

"யாரோட சரித்திரம்?"

லிபோரியோ தொப்பியின் இறகைச் சரிசெய்துகொண்டான். பேச்சுவார்த்தைக்கு இறங்கி வருவதாக நினைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்தான். "இதோ பாரு, ஒரு தொடைங்கிறது உனக்குக் கேவலமாப் படுதுன்னா, ரெண்டு தொடைன்னு மாத்திச் சொல்லிடறேன்."

அவரைக்காய் அலசிய தண்ணீர் முழுவதும் அவன் தலையில் வந்து விழுந்தது. இறகு ஒடிந்து காதோரம் தொங்கியது.

"காது இருந்தாக் கேட்டுக்க" என்றாள் பிலிப்பா, கிண்ணத்தைக் கவிழ்த்தபடியே. "திருவிழா அன்னிக்கி சான் ரொக்கோ எம் வாசல்ல வந்து நிப்பாரு. அவரு முன்னால, ஊரு முன்னால, யாரு யார விட்டுட்டுப் போனதுன்னு உள்ளதச் சொல்லு. சொன்னீன்னா வழி. இல்லேன்னா மணி எங்கையிலதான் இருக்கும், தெரியுமில்ல?"

தெரியும். எங்கள் ஊரில் பாதைக்கு ஒரே சட்டம்தான். திருவிழா அன்று சான் ரொக்கோவின் சொரூபம் எந்தப் பாதையில் போகிறதோ அதை அடுத்த திருவிழா வரை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஒரு வருஷம் புனிதர் போகத் தவறினால், அந்தப் பாதை பக்கத்துச் சுவர்க்காரருக்குப் போய்விடும். அதற்குப் பிறகு வழக்கறிஞர் வந்தாலும் சரி, மந்திரி வந்தாலும் சரி. இன்னொரு வழக்கம்: சப்பரம் ஒரு வீட்டு வாசலில் நின்றால், தூக்குகிறவர்களின் தலைவன் தன் கைமணியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் மணி அடித்தால்தான் சப்பரம் நகரும். சப்பரம் தூக்கும் கூட்டத்துக்குத் தலைவன் யார் என்றா கேட்கிறீர்கள்? வேறு யார், நம்ம லிபோரியோதான்.

பங்குச்சாமி தோன் எலிசேயோவிடம் ஓடினான். அவருக்கு ஆஸ்துமா. சண்டை என்றாலே இழுப்பு வந்துவிடும்.

"சாமி, இந்த ஒரு வருஷம் சப்பரத்த வேற தெருவால திருப்பிடலாமா?"

"தாராளமா. அடுத்த நாளே பிலிப்பா அந்தச் சந்துல அவரைச்செடி நட்டுருவாங்க. அப்புறம் கோட்டைக்குக் கீழூர்க்காரங்க ரோடுதான் வழி, உன் ஜெர்மன்காரங்க எல்லாம் அங்கதான் போய் எறங்குவாங்க. பரவால்லியா?"

"அவ கேக்கறது நடக்கற காரியமா சாமி?"

"என்ன கேக்குறாங்க?"

"உள்ளதச் சொல்லணுமாம்."

சாமியார் மருந்துக்குப்பியை வாயில் வைத்து ஒருமுறை இழுத்துக்கொண்டார். "கஷ்டந்தான்" என்றார்.

திருவிழாவும் வந்தது. சான் ரொக்கோவைப் பார்த்திருப்பீர்கள், தொடையில் இருக்கிற புண்ணை ஒரு கையால் காட்டிக்கொண்டு நிற்பார், பக்கத்தில் வாயில் ரொட்டி கவ்விய நாய். எங்கள் ஊர் சொரூபம் நல்ல வைரம் பாய்ந்த மரம். நாயே ஓர் ஆள் கனம் இருக்கும். இருபது பேர் தூக்க வேண்டும். முன்னால் தூக்குகிற இடது கொம்பு எப்போதும் குழாய் ரிப்பேர் செய்கிற கோசிமோவுடையது. பேண்டு முழங்க, வேட்டு வெடிக்க, சப்பரம் சந்துக்கு வந்தது. லிபோரியோ மணியோடு முன்னால் நடந்தான். ஒடிந்த இறகுக்குப் பதிலாகக் கோழி இறகு ஒன்றைத் தொப்பியில் செருகியிருந்தான்.

கட்டில் திறந்திருந்தது! பிலிப்பாவே திறந்து வைத்துவிட்டு, கறுப்புப் பட்டு உடையும் தங்கத் தோடுமாக வாசலில் நின்றாள். லிபோரியோவுக்குப் போன உயிர் வந்தது. கோபம் ஆறிவிட்டது, பெண்பிள்ளைதானே என்று நினைத்துக்கொண்டான். சப்பரம் சந்துக்குள் ஏறி, வாசலுக்கு நேராக நின்றது. வழக்கப்படி மணியை அவளிடம் கொடுத்தான். அவள் அதன் நாக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சந்து எப்பேர்ப்பட்ட ஏற்றம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். சப்பரத்தைக் கீழே இறக்கி வைக்க முடியாது. வைத்தால் புனிதரும் நாயும் உருண்டுபோய் நீரூற்றில்தான் நிற்பார்கள். தோளில் வைத்தபடியே நிற்க வேண்டும்.

"அடிங்க அத்தை" என்றான் கோசிமோ.

"அவன் சொல்லட்டும், அடிக்கிறேன்."

பேண்டுக்காரர்கள் விஷயம் புரியாமல் அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். பிறகு ஒவ்வொரு வாத்தியமாக நின்றது. பெரிய குழல்காரர் மட்டும் கடைசியில் ஒருமுறை ஊதிவிட்டு வெட்கப்பட்டார்.

"எதச் சொல்லணும்?" என்றான் லிபோரியோ.

"அந்தப் பலகையில இருக்கே, அத."

"சரி. கொள்ளைக்காரன் எவனும் இந்த வீட்ல இருந்ததில்ல. நான்தான் கட்டிவிட்டேன். போதுமா?"

"அது நாய்க்குக்கூடத் தெரியும். அடுத்தது."

"அண்ணே, அடுத்ததையும் சொல்லித் தொலைங்கண்ணே!" என்று சப்பரத்துக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பன்றித்தொடையும் பொய்."

"தொடை பொய் இல்ல. நாப்பது வருஷம் நான் தின்னேன். நல்ல தொடை. கந்தோல்போ நல்ல மனுஷன். அடுத்தது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தூக்கியிருந்தவர்களும் சிரித்துவிட, சப்பரம் குலுங்கியது. நாயின் வாயிலிருந்த ரொட்டி கழன்று லிபோரியோவின் தொப்பியில் வந்து விழுந்தது. அது மரரொட்டி. நன்றாக வலித்திருக்கும். அவன் தடவக்கூட இல்லை.

"ஜெர்மனிக்குப் போறதுக்கு மொத நாள் சாயங்காலம்..." என்று ஆரம்பித்தான். குரல் கோட்டையில் எழும்புகிற குரல் இல்லை. "தண்ணிக் குடத்த இந்த வாசல்ல எறக்கி வச்சேன்."

"வச்சே. அப்புறம்?"

"நின்னேன்."

"நின்னே. ரொம்ப நேரம் நின்னே. என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

"ஏதாச்சும் கேட்டியா எங்கிட்ட?"

"கேக்கல. காலைல பஸ் ஏறிட்டேன்."

"ஏன் கேக்கல?"

கோசிமோவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துக்கத்தில் அல்ல, தோள்வலியில். "அண்ணே, ஏதாவது ஒண்ணு சொல்லுங்கண்ணே! உங்களுக்கா வராது? ஒரு ராஜாவ இழுத்து விடுங்க!"

லிபோரியோவும் தேடித்தான் பார்த்தான். ஒரு ராஜாவும் வரவில்லை, ஒரு சிப்பாயும் வரவில்லை. ஊரே வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைவசம் கதை இல்லாமல் நின்றான்.

"பயம்" என்றான். "நீ மாட்டேன்னு சொல்லிட்டா?"

பிலிப்பா மணியின் நாக்கைப் பிடித்திருந்த விரல்களைத் தளர்த்தினாள்.

"முட்டாப்பயலே" என்றாள். "கேட்டிருந்தா சரின்னுதானடா சொல்லியிருப்பேன்."

மணியை அடித்தாள். விட்டால் போதும் என்று காத்திருந்த இருபது பேரும் சப்பரத்தோடு பறந்தார்கள். சான் ரொக்கோ அந்த ஏற்றத்தை அவ்வளவு வேகமாக என்றைக்குமே ஏறியதில்லை. முன்னால் போக வேண்டிய தலைவன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். கடைசியில் தோன் எலிசேயோதான், இழுத்துக்கொண்டிருந்த மூச்சோடு, சட்டைக்கையைப் பிடித்து அவனையும் இழுத்துக்கொண்டு போனார்.

பலகை இப்போது பிலிப்பாவின் கோழிக்கூட்டுக்குக் கதவு. எழுத்து உள்பக்கம், கோழிகள் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். ஆடு புகுந்துவிடுகிறது என்று கட்டிலை எடுக்கவில்லை, பூட்டை மட்டும் எடுத்துவிட்டாள்.

திருவிழா முடிந்து நாலைந்து நாள் கழித்து லிபோரியோ மறுபடி சதுக்கத்தில் நின்றான். ஜெர்மன்காரர்கள் ஆறேழு பேர் வந்தார்கள். அவர்களுள் ஒரு பெண்ணுக்கு இத்தாலிய மொழி தெரியும் என்பதால், அன்றைக்கு இத்தாலிய மொழியிலேயே பேசினான், அவள் மற்றவர்களுக்கு மாற்றிச் சொன்னாள். பித்தளைக் குமிழைப் பிடித்துக் கட்டிலைத் தள்ளித் திறந்து, எல்லோரையும் உள்ளே விட்டான். வாசலில் தொப்பியைக் கழற்றினான்.

"இந்த வீட்டில் ஒரு பெண் இருந்தாள். ஒருவன் தினமும் அவளுக்குத் தண்ணீர் தூக்கி வந்தான். ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விட்டான். திரும்பி வருவான், வந்து கேட்பான் என்று அவள் ஒரு வருஷம் காத்திருந்தாள்."

அந்த ஒரு வருஷத்தை அவன் தானாகத்தான் சேர்த்தான். கதைக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றியது, பழக்கதோஷம்.

ஜன்னலுக்குள்ளிருந்து, பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவே குரல் வந்தது: "ரெண்டு!"

லிபோரியோ திரும்பிப் பார்த்தான். ஜன்னலில் யாருமில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஜெர்மன் பெண், "அந்த அம்மா என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"இரண்டு வருஷம்" என்றான் லிபோரியோ.

பிறகு தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஏறினான். மரத்தோப்பில் ஒன்றும் சொல்லவில்லை. பனிக்குழியருகில் தாத்தாவைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. உச்சிக்குப் போய் ஒன்றரைச் சுவருக்கு முன்னால் நின்றதும், இந்தக் கோட்டையைக் கட்டியது யார் என்று அவர்களே கேட்டார்கள்.

"எனக்குத் தெரியாது" என்றான்.